தப்பியோடியவனின் கடன்

விசாரணைக் கைதி ஒருவன் நீதிமன்றத்திலிருந்து சிறைக்குத் திரும்பும் வழியில் தப்பியோடினான் என்றும், அவனுக்குக் காவலாகச் சென்ற காவலர் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர் என்றும், நாளிதழின் உட்பக்கத்தில் நான்கு வரிகளில் அடங்கிவிடும் செய்தியை நாம் வாசித்துவிட்டு மேலே செல்கிறோம். ஓடியவனைப் பற்றி எழும் ஆவலில் நூற்றிலொரு பங்குகூட, அவனை விட்டுவிட்ட அவ்விருவரின் கதியைப் பற்றி எழுவதில்லை. ஆயினும், காவலில் உள்ளவன் ஓடிவிட்டால் அந்தக் குற்றத்தின் பாரத்தை யார் சுமப்பது, எவ்வளவு சுமப்பது, கீழே நின்றவன் சுமப்பதா, மேலே இருந்து அவனை அனுப்பியவன் சுமப்பதா என்னும் வினாக்கள், அரசு என்ற ஒன்று தோன்றிச் சிறை என்ற ஒன்றைக் கட்டிய நாள்முதல் சட்ட அறிஞர்களைத் துன்புறுத்தி வந்தவை. அந்த வினாக்களுக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளைத் தொடர்ந்து பார்த்தால், பாரம் சிறிது சிறிதாக மேலிருந்து கீழே இறங்கிவந்த கதை ஒன்று புலப்படும்.

அப்போஸ்தலர் நடபடிகளை வாசித்தவர்களுக்குப் பிலிப்பி நகரத்துச் சிறைக்காரனை நினைவிருக்கும். நள்ளிரவில் பூமி அதிர்ந்து, கதவுகள் திறந்துகிடக்கக் கண்ட அவன், கைதிகள் ஓடிப்போனார்கள் என்று எண்ணி, யாரும் வந்து கேட்பதற்கு முன்பே தன் பட்டயத்தை உருவித் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள முற்பட்டான். அவன் பீதி காரணமற்றதன்று. பேதுரு சிறையிலிருந்து மறைந்த மறுநாள் காலையில், அதே நூலின்படி, ஏரோது மன்னன் காவலரை விசாரித்து அவர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பினான். ஆனால் ரோமானியரின் சட்டம் இவ்வளவு முரட்டுத்தனமாகவே நின்றுவிடவில்லை. கைதியைக் கோட்டைவிட்ட போர்வீரர்களைப் பற்றி ஹேட்ரியன் சக்கரவர்த்தி எழுதிய கடிதம் ஒன்றின் சாரம், ஜஸ்டீனியனின் சட்டத் தொகுப்பில் இன்றும் கிடைக்கிறது. காவலன் குடித்திருந்தோ சோம்பியிருந்தோ கைதியை இழந்தானாயின் அவனை அடித்துத் தாழ்ந்த படைப்பிரிவுக்கு மாற்றவேண்டும். தற்செயலாக நேர்ந்த இழப்பாயின் அவன்மீது நடவடிக்கை வேண்டியதில்லை என்பது அதன் முடிவு. அதே தொகுப்பில் மொதெஸ்தீனுஸ் என்னும் சட்ட அறிஞர் கூறுவது இன்னும் நுட்பமானது. படையில் புதிதாகச் சேர்ந்தவனிடம் கைதியை எளிதில் ஒப்படைக்கலாகாது, அப்படி ஒப்படைத்துக் கைதி ஓடிவிட்டால் குற்றம் ஒப்படைத்தவனுடையது என்றும், ஒரு கைதிக்கு ஒருவனன்று, இருவர் காவல் நிற்கவேண்டும் என்றும் அவர் வகுத்தார். நம் காலத்து வழிக்காவல் ஒழுங்குகளை எழுதியவர்கள் அவரைப் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும், அவர் சொன்னதையே திரும்பச் சொல்லவேண்டியிருந்தது.

நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த ரோமானிய ஆணை ஒன்று, இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டியது. சிறைப் பதிவேட்டுக்குப் பொறுப்பான அதிகாரி, கைதி தப்பிவிட்ட போது தனக்குக் கீழே கிடக்கும் எளியவன் ஒருவனை நீதிபதியின் முன் பிடித்துத் தள்ளிவிட்டுத் தான் விலகிக்கொள்ளலாம் என்று நினைக்கவேண்டாம். ஓடியவனுக்கு உரிய தண்டனை எதுவோ அதை அந்த அதிகாரியே அனுபவிக்கட்டும் என்று அவ்வாணை கூறுகிறது. இப்படியொரு வாக்கியத்தை எழுதவேண்டிய அவசியம் நேர்ந்ததென்றால், எளியவனைப் பிடித்துத் தள்ளும் வழக்கம் அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமோ? நம் நாட்டில் கௌடில்யரும் இவ்விஷயத்தில் இளகியவரல்லர். விசாரணைக் காவலிலிருந்து ஒருவனை உடைக்காமல் விடுவித்த அதிகாரிக்கு நடுத்தர அபராதமும், உடைத்து விடுவித்தவனுக்கு மரணமும், சிறைக்கூடத்திலிருந்தே விடுவித்தவனுக்குச் சர்வசொத்து பறிமுதலுடன் கூடிய மரணமும் அவருடைய அர்த்தசாஸ்திரத்தில் விதிக்கப்பட்டுள்ளன. ஆனால் நம் நீதிமன்றங்கள் இன்று கையாளும் சட்டம் கௌடில்யரிடமிருந்து வந்ததன்று; இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தது. ஆகவே அங்கே போகவேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் இந்தப் பொறுப்பு கொலைகாரனையோ கொள்ளைக்காரனையோ பற்றி வளர்ந்ததைவிட, கடன்காரனைப் பற்றியே செழித்து வளர்ந்தது. 1285ஆம் ஆண்டில், முதலாம் எட்வர்டின் ஆட்சியில், இரண்டாம் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் எனப்படும் பெருஞ்சட்டம் இயற்றப்பட்டது. பிரபுக்களின் நிலபுலன்களைக் கண்காணித்துக் கணக்கு வைத்திருந்த காரியஸ்தர்கள் கணக்கில் பாக்கி விழுந்தால் அவர்களை என் செய்வது என்பதை அதன் 11ஆம் அத்தியாயம் கூறுகிறது. அவனை அருகிலுள்ள அரசாங்கச் சிறைக்கு அனுப்பி, இரும்பு விலங்கிட்டு, பாக்கி முழுவதும் தீரும்வரை அவனுடைய சொந்தச் செலவிலேயே அடைத்துவைக்கவேண்டும். எஜமானரின் சம்மதமின்றி அவனைச் சிறை அதிகாரி வெளியே விட்டால் அந்தப் பாக்கிக்கு அவரே பொறுப்பாளியாவார். அவரிடம் கொடுக்க வகையில்லையென்றால், அவரிடம் சிறையை ஒப்படைத்த மேலதிகாரி அதைக் கொடுத்துத் தீர்க்கவேண்டும். விலங்கும், காவலனின் பொறுப்பும், மேலதிகாரியின் பொறுப்பும் ஆகிய மூன்றும் ஒரே அத்தியாயத்துக்குள் ஒரே மூச்சில் பிறந்தன என்பதை வாசகர் மனத்தில் கொள்ளவேண்டும். இம்மூன்றில் எது நிலைத்தது, எது தேய்ந்தது என்பதே பின்வருவது.

காரியஸ்தர்களுக்காக எழுதிய விதியை நீதிபதிகள் நாளடைவில் கடன்பட்டார் அனைவருக்கும் விரித்துக்கொண்டனர். அதன் பின்னிருந்த தர்க்கம் எளிதானது. தீர்ப்புப் பெற்ற கடன் கொடுத்தவர், பிரதிவாதியின் சொத்தை விட்டு அவனுடைய உடலைப் பிடித்துக்கொள்ளத் தீர்மானித்தாரானால், அந்த உடலே அவருக்கு அடகுப்பொருளாயிற்று. நகைக்கடையில் அடகுவைத்த சங்கிலி காணாமற்போனால் கடைக்காரர் பதில் சொல்லவேண்டியதைப் போல, அந்த உடல் காணாமற்போனால் சிறை அதிகாரி கடன் முழுவதையும் கட்டவேண்டியவரானார். தீர்ப்புக்கு முந்திய காவலிலிருந்து ஓடியிருந்தால் ஜூரிகள் நஷ்டத்தை மதிப்பிட்டுக் கூட்டவோ குறைக்கவோ இடமிருந்தது. தீர்ப்புக்குப் பிந்திய காவலாயின் அதற்கும் வழியில்லை. ஓடியவன் ஒரு காசு பெறாத பரம தரித்திரனாக இருந்தாலும், ஆயிரம் பவுன் தீர்ப்புக்கு ஆயிரம் பவுனையும் சிறைக்குப் பொறுப்பான ஷெரீப் எண்ணிவைக்கவேண்டும். சென்னையில் ஷெரீப் என்றால் முன்பு பிரமுகர்களுக்கு மாலையிட்டு வரவேற்ற கௌரவப் பதவி என்றே அறிந்தவர்களுக்கு, இந்தப் பதவியை ஏற்க இங்கிலாந்துக் கனவான்கள் ஏன் அஞ்சினார்கள் என்பதை விளக்க இது ஒன்றே போதும்.

அதிகாரியின் தவறு இருந்ததா இல்லையா என்பதைக்கூட இந்தச் சட்டம் கேட்கவில்லை. தெய்வச் செயலாலோ, அரசரின் பகைவர்களாகிய அந்நியப் படையினராலோ சிறை உடைபட்டால் மட்டுமே அவருக்கு விடுதலை. உள்நாட்டுக் கலகக்காரர்கள் உடைத்தார்கள் என்றால் அது பதிலாகாது. கலகக்காரர்கள் அரசரின் குடிமக்களாதலால் அவர்கள்மீது வழக்குத் தொடுத்து நஷ்டத்தை அவர் மீட்டுக்கொள்ளலாமாம்! தீவைத்துவிட்டு ஓடிய கும்பலில் எவன்மீது வழக்குத் தொடுப்பது என்பதை அந்த நீதிபதிகள் சொல்லவில்லை. எலிசபெத் அரசியின் காலத்தில் வழங்கிய தீர்ப்புகளைச் சட்ட அறிஞர் கோக் தொகுத்த நூலில் ஒரு சலுகை காணப்படுகிறது. கைதி தானாகத் தப்பியோட, அதிகாரி உடனே துரத்திச் சென்று, கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுப்பதற்கு முன்னரே அவனை மீண்டும் பிடித்துவிட்டால், கைதி இடையில் கண்ணுக்கு மறைந்திருந்தாலும், வேறொரு மாவட்டத்தில் பிடிபட்டிருந்தாலும், அதிகாரி தப்பித்துக்கொள்ளலாம். அதே தொகுப்பில், ஆண்டு முடிந்து பதவி மாறும்போது பழைய ஷெரீப்கள் ஒரு கைதியின்மீதிருந்த தீர்ப்பைப் புதியவர்களுக்குத் தெரிவிக்காமல் ஆளை மட்டும் ஒப்படைத்ததால், அந்த ஓட்டத்துக்குப் பழையவர்களே பொறுப்பாளிகளான வழக்கும் உண்டு. பொறுப்பேற்பும் ஒப்படைப்பும் எழுத்தில் நடக்கவேண்டும் என்று இன்றும் அலுவலகங்களில் வற்புறுத்துவதன் நியாயம் இதுதான்.

வேடிக்கையின் உச்சம், 1550ஆம் ஆண்டைச் சேர்ந்த வழக்கொன்றில் பிளௌடன் என்னும் அறிக்கையாளர் குறித்துவைத்திருப்பது. லண்டனிலிருந்த பிளீட் சிறையின் வார்டன் பதவி பரம்பரைச் சொத்தாக இருந்தமையால், அது ஒரு பெண்ணின் கைக்கு வருவதும் நடக்கக்கூடியதே. அத்தகைய பெண் வார்டனை அவளுடைய சிறையிலுள்ள கைதி ஒருவன் மணந்துகொண்டால், அந்தக் கணமே அவன் தப்பியோடியவனாகக் கருதப்படுவான் என்றும், அவனுடைய கடனுக்கு அவள் பதில் சொல்லவேண்டும் என்றும் சட்டம் சொல்லிற்று. கணவன் மனைவியின் காவலில் இருப்பது இயலாததாம். சிறையின் கதவு பூட்டியபடியே இருக்க, அவன் அறையைவிட்டு ஓர் அடியும் நகராதிருக்க, சட்டத்தின் கண்ணில் அவன் ஓடிப்போனான்! ஓட்டம் என்பது கால்களால் நடப்பதன்று, காவலின் உறவு அறுபடுவதே என்னும் அவர்களுடைய கொள்கையை இதைவிடத் துலக்கமாக எந்த உதாரணமும் காட்டாது.

குற்றவாளிகளின் விஷயத்தில் வேறொரு பாகுபாடு இருந்தது. அதிகாரி வேண்டுமென்றே விட்டால் ஒன்று. அஜாக்கிரதையால் விட்டால் மற்றொன்று. வேண்டுமென்றே விட்டவன், ஓடியவன் எந்தக் குற்றத்துக்காகக் காவலில் இருந்தானோ அதே வகைக் குற்றத்தைச் செய்தவனாவான். ராஜத்துரோகியை விட்டவன் ராஜத்துரோகி. அஜாக்கிரதைக்கு அபராதம் மட்டுமே. ஆனால் ஓடியவன் முதலில் குற்றவாளி என்று தீர்ப்பாகவேண்டும், இல்லையேல் குற்றமே செய்யாதவனை விட்டதற்காகக் காவலனைத் தூக்கிலிடும் விபரீதம் நேரும் என்று சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் 1769இல் வெளிவந்த தம் நூற்பகுதியில் எச்சரித்தார்.

இத்தனை கடுமையான பொறுப்பு அதிகாரியின் தலைமேல் தொங்கியபோது, அவர் கைதிகளைக் கண்ணை இமை காப்பதுபோல் காத்திருப்பார் என்று எதிர்பார்ப்போம். நடந்தது அதுவன்று. பதவியே விலைக்கு வாங்கப்பட்டதாதலால், பொறுப்பும் ஒரு வியாபாரச் செலவாகிவிட்டது. ஜான் ஹக்கின்ஸ் என்பவர் பிளீட் சிறையின் வார்டன் பதவியைத் தமக்கும் தம் மகனுக்கும் ஆயுட்காலத்துக்கு 5,000 பவுன் கொடுத்து வாங்கி, 1728இல் அதே 5,000 பவுனுக்குத் தாமஸ் பாம்பிரிட்ஜுக்கும் அவருடைய கூட்டாளிக்கும் விற்றார். போட்ட பணத்தைக் கைதிகளிடமிருந்தே எடுக்கவேண்டும். சிறையைச் சுற்றியிருந்த சில தெருக்கள் சிறையின் எல்லைக்கு உட்பட்டவையாகக் கருதப்பட்டன. கட்டணமும் ஜாமீனும் கொடுத்த கடனாளி அங்கே வாடகை வீட்டில் குடியிருக்கலாம். அவன் ஓடினால் கடனுக்குப் பொறுப்பு தம்முடையது என்பதைச் சொல்லியே வார்டன் ஜாமீன் கேட்டார், காணிக்கை கேட்டார், காணிக்கை தீர்ந்ததும் மேலும் கேட்டார்.

பண்டை ரோமானியரின் மாளிகைகளைப் பற்றி நூலெழுதிய கட்டடக் கலைஞர் ராபர்ட் காஸ்டெல் அப்படிப் பணம் கொடுத்து வெளியே குடியிருந்தவர். மேலும் கேட்டதைக் கொடுக்க இயலாமற்போகவே, அம்மை பரவியிருந்த காவல் விடுதி ஒன்றுக்கு அவர் தள்ளப்பட்டார். தமக்கு அம்மை வந்ததில்லை, அங்கே அனுப்பவேண்டாம் என்று அவர் மன்றாடியும் பயனில்லை. அங்கேயே நோய் கண்டு இறந்தார். அவர் நண்பர் ஜேம்ஸ் ஓக்லெதார்ப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தமையால், 1729இல் சிறைகளை விசாரிக்கும் குழு ஒன்று அமைந்தது. ஓவியர் ஹோகார்த் அக்குழுவைச் சித்திரமாகவும் தீட்டினார். குழுவின் முன் வந்த ஹக்கின்ஸ், தம் காலத்தில் ஓடிப்போனவர்கள் எண்ணிச் சொல்ல முடியாதபடி அத்தனை பேர் என்றும், பட்டியல் எதுவும் தாம் வைத்திருக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பாம்பிரிட்ஜோ ஒருபடி மேலே சென்றிருந்தார். நாய்கள் கட்டப்பட்டிருந்த முற்றத்தின் சுவரில் இரகசியக் கதவொன்றை வைத்து, அதன் சாவியைத் தாமே வைத்துக்கொண்டு, அரசாங்கத்துக்கு 30,000 பவுனுக்கு மேல் கடன்பட்டிருந்த பாய்ஸ் என்ற கள்ளக்கடத்தல்காரனைத் தம் கையாலேயே கதவைத் திறந்து வெளியே விட்டார் என்று குழு கண்டது.

பணமுள்ளவனுக்குக் கதவு, இல்லாதவனுக்கு விலங்கு. சோலாஸ் என்ற போர்ச்சுகீசியக் கடனாளி, கடனுக்காக அடைபட்டவனேயன்றி வேறு குற்றம் செய்யாதவன், இரும்பு பூட்டப்பட்டு ஏறத்தாழ இரண்டு மாதம் ‘உறுதியறை’ எனப்பட்ட நிலவறையில் கிடந்தான். பிணம் புதைக்கும் நிலவறைகளைப் போன்ற அந்த இடத்தில்தான், இறந்த கைதிகளின் உடல்கள் மரண விசாரணை முடியும்வரை வைக்கப்படுவது வழக்கம். அடுப்பில்லை, புகைபோக்கியில்லை, தரைக்குக் கல்லோ பலகையோ இல்லை. எட்டங்குலச் சதுரத் துளையொன்றின் வழியாகவும் கதவின் மேலாகவும் வருவதே வெளிச்சம். குழுவினர் அவனை விசாரித்துக்கொண்டிருக்கையில், யாரோ பேசிய பேச்சிலிருந்து பாம்பிரிட்ஜ் மீண்டும் வார்டனாக வரப்போகிறார் என்று அவன் தவறாக ஊகித்துக்கொண்டான். அவ்வளவில் மயங்கி விழ, வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் இரத்தம் வழிந்தது என்று குழுவின் அறிக்கை பதிவுசெய்திருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கும் கடமை என்ற போர்வையின்கீழ் எதையெல்லாம் செய்ய முடிந்தது என்பதை இதற்குமேல் விவரிக்க வேண்டியதில்லை.

பாம்பிரிட்ஜைப் பதவியிலிருந்து விலக்கத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது; ஆனால் கொலை வழக்குகளில் அவரும் தப்பினார், ஹக்கின்ஸும் தப்பினார். இதில் ஹக்கின்ஸின் வழக்கு சட்டத்தில் நிலைபெற்றுவிட்டது. ஆர்ன் என்ற கைதியை ஈரமான அறையில் அடைத்துச் சாகவிட்டது அவருடைய பிரதிநிதியின் வேலைக்காரன். பிரதிநிதியின் செய்கைக்கு உரிமையியல் வழக்கில் எஜமானர் பதில் சொல்லவேண்டும். குற்றவியல் வழக்கில் சொல்லவேண்டியதில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. குற்றத்தைச் செய்யாதவனைத் தண்டிக்கலாகாது என்ற அளவில் இது நேரிய விதியே என்பதை நான் மறுக்கவில்லை. எனினும், பணமாகத் தீர்க்கவேண்டிய பொறுப்பு மட்டுமே மேலதிகாரிமீது நின்றதாதலால், அந்தப் பணப்பொறுப்பும் ஒருநாள் ஒழியுமானால் அவர்மீது எதுவுமே நில்லாது என்ற விளைவு இதிலேயே கருவாக அமைந்துவிட்டது.

அது ஒழிந்தும் போயிற்று. 1842இல் பிளீட் சிறை மூடப்பட்டது. அதே ஆண்டின் சட்டம், ஓடியவனின் கடன் முழுவதையும் ஷெரீபிடம் கேட்கும் வழக்கை நீக்கி, உண்மையில் நேர்ந்த நஷ்டத்தை மட்டும் கேட்கலாம் என்று குறைத்தது. 1869ஆம் ஆண்டின் கடனாளிகள் சட்டம் கடனுக்காகச் சிறையிடுவதையே பெரும்பாலும் முடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஓட்டம் என்பது குற்றவியலுக்குரிய விஷயமாகவே மிஞ்சியது.

இந்தியாவுக்கு வந்தது அந்த மிச்சமே. மெக்காலே 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறி, 1862ஆம் ஆண்டின் முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம், வேண்டுமென்று விடுவதையும் அஜாக்கிரதையால் விடுவதையும் பழையபடியே பிரித்துவைத்தது. ராஜத்துரோகியை விட்டவன் ராஜத்துரோகி என்ற பழைய கொடுமையை அது கைவிட்டது. ஆனால் ஓடியவனின் குற்றத்தை வைத்து விட்டவனின் தண்டனையை அளக்கும் முறையை மட்டும் விடவில்லை. மரண தண்டனை விதிக்கப்பட்டவனை வேண்டுமென்று தப்பவிட்ட அரசு ஊழியருக்கு ஆயுள் தண்டனையோ 14 ஆண்டுகள் வரையோ. பத்தாண்டுக்குக் குறைந்த தண்டனை பெற்றவனை விட்டவருக்கு மூன்றாண்டுகள் வரை. அஜாக்கிரதைக்கு இரண்டாண்டுகள் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். 221, 222, 223 என்று வழக்கறிஞர்கள் வாயில் வழங்கிய இப்பிரிவுகள், 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 259, 260, 261 என்ற எண்களோடு உலவுகின்றன.

1894ஆம் ஆண்டின் சிறைகள் சட்டத்தையும் எடுத்துப் புரட்டவேண்டும். அதன் 54ஆம் பிரிவு, கடமையில் தவறும் ஜெயிலருக்கும், அவருக்குக் கீழ்ப்பட்ட சிறை அலுவலர்களுக்கும் 200 ரூபாய்வரை அபராதமோ மூன்று மாதம்வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது. ஜெயிலருக்கு மேலே சூப்பிரண்டெண்டு என்று ஒருவர் இருக்கிறார். அவரை அந்தப் பிரிவு தொடவில்லை. அவர் வருவது 56ஆம் பிரிவில்: சிறையின் நிலையையோ கைதிகளின் சுபாவத்தையோ கருதிப் பத்திரமான காவலுக்கு அவசியம் என்று சூப்பிரண்டெண்டு எண்ணினால், விதிகளுக்கு உட்பட்டு, அவர்களை இரும்பிலிடலாம். பொறுப்பு கீழே, விலங்கின் அதிகாரம் மேலே! 1285இல் ஒருங்கே பிறந்த மூன்றில் மேலதிகாரியின் பொறுப்பே தேய்ந்து மறைந்தது. மற்றவை இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்த்துக்கொண்டு கடல் கடந்தும் வாழ்ந்தன.

ஆகவே வழிக்காவலுக்குச் செல்லும் காவலர், கைதி ஓடினால் தம் வேலைக்கும் குடும்பத்துக்கும் நேரக்கூடியதை எண்ணி, கைவிலங்கைப் பூட்டிவிட்டால் நிம்மதி என்று கருதுவதில் வியப்பில்லை. திகார் சிறையிலிருந்த விசாரணைக் கைதி ஒருவர், நீதிமன்றத்துக்குத் தம்மை விலங்கிட்டு அழைத்துச் செல்வதைக் குறித்து உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குத் தந்தி கொடுக்க, அதுவே பிரேம் சங்கர் சுக்லா வழக்காகி 1980இல் தீர்ப்பாயிற்று. தீர்ப்பை எழுதிய நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இந்த நிம்மதியைத்தான் குறிவைத்தார். காவலரின் சௌகரியம் விலங்குக்குக் காரணமாகாது. வேறு வழியே இல்லை என்னும் நிலையில் மட்டும், காரணத்தை எழுத்தில் பதிந்து, நீதிபதியின் ஒப்புதலோடு அதைப் பூட்டலாம். தப்புவான் என்ற அச்சமிருந்தால் காவலரின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள் என்பது அதன் போக்கு. மூன்றாண்டுக்கு மேற்பட்ட தண்டனைக்குரிய, ஜாமீனில் விடமுடியாத குற்றம் சாட்டப்பட்ட எவரையும் விலங்கிடலாம் என்றிருந்த பஞ்சாப் காவல்துறை விதி அத்துடன் வீழ்ந்தது.

காவலரின் எண்ணிக்கையைக் கூட்டுவது காவலரின் கையில் இல்லை. அது மேலதிகாரியின் கையிலும் அரசாங்கத்தின் கஜானாவிலும் உள்ளது. அந்த இடத்தில் பொறுப்பை வைக்கத் தீர்ப்பும் முனையவில்லை, அதற்குப் பின்வந்த சட்டமும் முனையவில்லை. 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா தன் 43ஆம் பிரிவில், குற்றத்தின் தன்மையைக் கருதிக் காவல் அதிகாரி கைவிலங்கைப் பயன்படுத்தலாம் என்று மீண்டும் எழுத்தில் அனுமதித்து, யார் யாருக்கு என்பதற்கு நீண்டதொரு வரிசையும் தந்திருக்கிறது. கொலை, பயங்கரவாதம், போதைப்பொருள் ஆகியவற்றோடு, முன்பு காவலிலிருந்து தப்பியவரும் அவ்வரிசையில் இடம்பெற்றிருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவனிடம் கைதியை ஒப்படைத்தவரோ, இருவர் செல்லவேண்டிய இடத்துக்கு ஒருவரை அனுப்பியவரோ எந்த வரிசையிலும் இல்லை. துறை விசாரணையில் அவருக்கு ஒரு விளக்கக் குறிப்பாணை வரலாம், வராமலும் போகலாம்.